பதினான்காவது மேசை

எங்கள் ஊரில் எவனாவது "டீ மட்டும்தான்" என்று சொன்னால் நம்பவே நம்பாதீர்கள். நான் நம்பித் தொலைத்தேன். நாரின் என்ற இந்த மலை நகரத்திலேயே பிறந்து இங்கேயே குப்பை கொட்டிக்கொண்டிருக்கிற எனக்கே புத்தி வரவில்லை என்றால் வெளியூர்க்காரர்களை என்ன சொல்வது?

என் பெயர் ஜூரகான். ஊர் மன்றக் கட்டடத்தின் மாடியில் இருக்கும் கூட்ட அரங்கு என் பொறுப்பு. முன்பு அங்கே ஒரு ஓக் மரத்து மேசை கிடந்தது. எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினாலும் ஒரு இம்மி நகராது. அதனால் அந்த அரங்கில் ஒரே ஒரு வேலைதான் நடக்கும். வாரத்துக்கு ஒருமுறை பெரிய மனிதர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒருவரை ஒருவர் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டு. ஊரில் பெண்கள் தையல் கற்றுக்கொள்ள இடமில்லை, தேர்வு எழுத இடமில்லை, இங்கே இவ்வளவு பெரிய அரங்கு சும்மா கிடக்கிறதே என்று எனக்கு வயிறு எரியும்.

நகராட்சியோடு மூன்று வருடம் மல்லுக்கட்டினேன். கடைசியில் என் வாய்க்குப் பயந்துதான் மடக்கு மேசைகள் வாங்கிக் கொடுத்தார்கள் என்று எர்கெஷ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். சொல்லட்டும். காலில் சக்கரம், சக்கரத்தில் பிரேக், பலகைக்கு அடியில் ஒரு கைப்பிடி. பிடியை இழுத்தால் பலகை அப்படியே செங்குத்தாக நிமிர்ந்துகொள்ளும். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றைச் சொருகிச் சுவரோரம் நிறுத்தினால் பதினாலு மேசையும் ஒரு அலமாரி இடத்தில் அடங்கிவிடும். காலையில் கூட்டம், மதியம் பயிற்சி, சாயங்காலம் தையல். மாற்றிப் போட எனக்கு யாருடைய தயவும் வேண்டாம்.

எர்கெஷ் மேய்ச்சல் குழுவின் செயலாளர். என்னை எஜே, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான். முதல் நாளே வந்து, "என்ன எஜே, குழந்தைங்க நடை பழகுற வண்டியா இது?" என்று நக்கல் அடித்துக்கொண்டு ஒரு மேசையில் சாய்ந்தான். நான் பிரேக் போட்டிருக்கவில்லை. மேசை ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான். அதற்குப் பிறகு அவன் என் மேசைகளைப் பற்றி எது சொல்வதானாலும் நின்றுகொண்டே சொல்வான்.

அந்த நாள் அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் மேய்ச்சல் குழுக் கூட்டம். மதியம் இரண்டு மணிக்கு கிராம மருத்துவ உதவியாளர் தேர்வு. தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து டாக்டர் வெனேரா என்ற அம்மாள் தேர்வு நடத்த வருகிறார். வருடத்துக்கு ஒருமுறைதான் அவர் மலையேறி எங்கள் பக்கம் வருவார். அன்றைக்கே திரும்பவும் வேண்டும். கணவாயில் பனி விழுந்துவிட்டால் பாதையை மூடிவிடுவார்கள். பதினாலு பேர் எழுதுகிறார்கள், பதினாலு மேசை இருக்கிறது, கணக்குச் சரியாக இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

பதினாலு பேரில் ஒருத்தி அசில்குல். எங்கள் தெருப் பெண். கூச்ச சுபாவம், ஆனால் கை சுத்தம். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், ஆட்டுக்குக் கால் உடைந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவோம். புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலை பார்க்கிறான், வருடத்தில் ஒரு மாதம் முகம் காட்டுவான். வீட்டில் அவள், நாலு வயது மகள் ஐபீக்கே, மாமனார் பெய்ஷென். அவ்வளவுதான். மலைமேல் இருக்கும் ஊரில் மருந்தகம் இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. இந்தத் தேர்வில் தேறினால் அந்த வேலை அவளுக்கு. தேறாவிட்டால், அடுத்த வருடத்துக்குள் வேறு யாரையாவது போட்டுவிடுவார்கள். ராத்திரி பகல் என்று பாராமல் படித்தாள் பாவம்.

பெய்ஷென் கிழவருக்கு இதில் இஷ்டமில்லை என்பது ஊருக்கே தெரியும். அவர் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொன்னதில்லை. அவள் புத்தகத்தை எடுத்தால் அவர் எழுந்து வெளியே போய் விறகு பிளப்பார். அந்த வருடம் தெருவிலேயே அவர்கள் வீட்டில்தான் விறகு அதிகம்.

கூட்டத்துக்கு மேசைகளை மூன்று பக்கமாக ஒட்டிப் போட்டேன். கதவுக்கு நேர் எதிரே நடுவில் இருப்பது தோர், மூத்தவர் உட்காரும் இடம். அங்கே பெய்ஷென் உட்கார்ந்தார். வயதுப்படி மற்றவர்கள் இரண்டு பக்கமும் இறங்கி வந்து, கதவோரத்தில் இளவட்டங்கள். வசந்தத்தில் எந்த மந்தை எந்தப் பள்ளத்தாக்குக்கு முதலில் போவது என்று பேசினார்கள், சண்டை போட்டார்கள், எல்லாம் வழக்கம்போல. பன்னிரண்டு மணிக்கு முடித்துவிடுவோம், டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம் என்று எர்கெஷ் என்னிடம் சத்தியம் செய்திருந்தான்.

டீ வந்தது. டீ வந்தால் ரொட்டி வராதா? விரிப்பை விரித்தார்கள், ரொட்டியைப் பிய்த்துப் பரப்பினார்கள், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக்கை மேசை நீளத்துக்கும் கொட்டினார்கள். பாலாடை, செர்ரி ஜாம். நான் எர்கெஷை முறைத்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து வெந்த ஆட்டுக்கறி வாசனை மாடிப்படி ஏறி வந்தது. குழுத் தலைவருக்குப் பேரன் பிறந்திருக்கிறானாம், ஆடு அறுத்துவிட்டாராம். பேரன் பிறந்ததற்கு நான் என்ன சொல்ல முடியும்? வாழ்த்தத்தான் முடியும்.

இனிமேல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரொட்டி பரப்பிய மேசையை யாரும் மடக்க முடியாது. சாப்பாடு முடிந்து, மூத்தவர் கையேந்தி துஆ சொல்லி, எல்லாரும் "ஓமின்" என்று முகத்தைத் தடவிக்கொள்ளும் வரை ஒருவன்கூட எழுந்திருக்க மாட்டான். வீடு தீப்பிடித்தாலும் முதலில் துஆ, பிறகுதான் தண்ணீர். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அசில்குல் பன்னிரண்டரைக்கே வந்துவிட்டாள், ஒரு மூலையில் உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம் என்று. உள்ளே எட்டிப் பார்த்தாள். மாமனார் தோரில் உட்கார்ந்திருக்கிறார், டீக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் ஊற்றிக் கொடுக்க ஆளில்லை. புத்தகத்தையும் மருந்துப் பெட்டியையும் ஜன்னலில் வைத்துவிட்டு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கெண்டியை எடுத்துவிட்டாள். எனக்கு வந்ததே ஆத்திரம். நான் ஊற்றுகிறேன், நீ போய்ப் படி என்று கையைப் பிடித்து இழுத்தேன். மாமனார் இருக்கும் சபையில் மருமகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா என்று கேட்டாள். வந்திருக்கும் ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கை முடமா என்று நான் கேட்டேன். அவள் சிரித்தாள், கெண்டியை விடவில்லை.

கறி தீர்ந்தது. சூப்பு தீர்ந்தது. ஒன்றரை மணி ஆகிவிட்டது. வெளியே வராந்தாவில் மற்ற பதின்மூன்று பெண்களும் மருந்துப் பெட்டிகளோடு வந்து நின்றார்கள். எல்லாரும் பெய்ஷென் கிழவரின் கைகளையே பார்த்தார்கள். அந்தக் கைகள் மேலே எழவில்லை. டீக் கிண்ணத்தை நீட்டினார். அசில்குல் ஊற்றினாள். குடித்தார். மறுபடி நீட்டினார்.

எங்கள் பக்கம் கிண்ணத்தை நிரப்பக்கூடாது. அரைக்கும் குறைவாக ஊற்றினால்தான் இன்னும் இரு, இன்னும் குடி என்று அர்த்தம். தளும்பத் தளும்ப ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். மூன்றாவது கிண்ணம் நீண்டபோது நான் அவள் காதருகே போனேன்.

"ரொப்பி ஊத்துடி. புரிஞ்சுக்கட்டும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் சின்னவளாகிப் போனேன்.

"அவர் எனக்கு அப்பா மாதிரி எஜே. எழுந்து போன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

அரைக் கிண்ணம்தான் ஊற்றினாள். கிழவர் வாங்கிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் அப்படித்தான். மருமகள் மாமனாரிடம் நேருக்கு நேர் பேசக்கூடாது என்று யாரும் இந்தக் காலத்தில் அடித்துச் சொல்வதில்லை, ஆனாலும் அவர்கள் இரண்டு பேரும் அப்படியே பழகிவிட்டார்கள். "ஐபீக்கே, தாத்தாகிட்ட டீ ஆறுதுன்னு சொல்லு" என்பாள் இவள். "ஐபீக்கே, கிணத்துப் பக்கம் வழுக்குது, அம்மாவைப் பாத்துப் போகச் சொல்லு" என்பார் அவர். நாலு வயதுக் குழந்தை தலையில்தான் அந்தக் குடும்பத்துப் பேச்சு முழுவதும் ஓடியது. வேலையைப் பற்றி, மலைமேல் ஊரைப் பற்றி எல்லாம் அந்தக் குழந்தை மூலமாக எப்படிப் பேசுவது? பேசவே இல்லை.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் டாக்டர் வெனேரா படியேறி வந்தார். அறுபது வயது, தடித்த கம்பளிக் கோட்டு, எதற்கும் அசையாத முகம். கதவில் நின்று உள்ளே பார்த்தார். அவரும் எங்கள் மனுஷிதான், ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். ஒரு துண்டு ரொட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் சலாம் சொல்லிவிட்டு, என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கணவாய் மேல் மேகம் இறங்கிவிட்டது என்றார். இரண்டே காலுக்கு ஆரம்பிக்காவிட்டால் இந்த வருடத் தேர்வு கிடையாது என்றார். ஒரு ஆளுக்கு ஒரு மேசை வேண்டும், காகிதத்தில் எழுதுவது பாதிதான், மீதி மேசைமேல் பெட்டியை விரித்துக் கட்டுப் போட்டுக் காட்ட வேண்டும், இரண்டு பேரை ஒரு மேசையில் உட்கார வைத்தால் தாள் செல்லாது என்றும் சொன்னார். அவர் மேல் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது, திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

உள்ளே போனேன். எர்கெஷிடம், நீ போய்க் கிழவரிடம் சொல்லு என்றேன். பெரியவரிடம் துஆ சொல்லுங்கள் என்று நான் போய்ச் சொல்வதா, என் அப்பன் காதில் விழுந்தால் என் தோலை உரித்துவிடுவார் என்றான். குழுத் தலைவரைப் பார்த்தேன். அவர் போர்சோக்கை எண்ணிக்கொண்டிருந்தார். ஆகப் பெரிய சபை, மந்தைக்காகக் கத்திக் குத்து வரை போகிற ஆட்கள், ஒரு கிழவரின் இரண்டு கைக்கு முன்னால் எல்லாரும் பூனைக்குட்டி.

விரிப்பைப் பார்த்தேன், மேசையைப் பார்த்தேன். ரொட்டியை எடுக்கக்கூடாது, சரி. ரொட்டியைக் கீழே இறக்கக்கூடாது, அதுவும் சரி. ஆனால் மேலே, தோர் பக்கம், ஏற்றக்கூடாது என்று எந்தப் பெரியவர் சொல்லியிருக்கிறார்?

கதவோரத்து மேசைக்குப் போனேன். அங்கே இருந்த ரொட்டியை, போர்சோக்கை, ஜாம் கிண்ணத்தை எல்லாம் இரண்டு கையாலும் அள்ளி, பெரியவர் பக்கமாக அடுத்த மேசையில் கொண்டுபோய் வைத்தேன். விரிப்பைச் சுருட்டினேன். "தள்ளி உக்காருங்கப்பா, மேல போங்க, ரொட்டி போற பக்கம் போங்க" என்று இளவட்டங்களைத் துரத்தினேன். பிரேக்கை ஒரு மிதி. பிடியை ஒரு இழுப்பு. பலகை நிமிர்ந்தது, மேசையை உருட்டிக்கொண்டுபோய் நடு அரங்கில் விரித்து நிறுத்தினேன். ஒன்று.

சபை வாயைப் பிளந்து பார்த்தது. யார் தடுப்பார்? ரொட்டி பெரியவரை நோக்கிப் போவது மரியாதைதானே? இரண்டாவது மேசை. மூன்றாவது. ஆட்கள் நாற்காலியோடு இடுப்பைத் தூக்கித் தூக்கி மேலே நகர்ந்தார்கள். ஆறாவது மேசைக்கு எர்கெஷே எழுந்திருக்காமல் காலால் பிரேக்கை மிதித்துக் கொடுத்தான், நல்லா இருக்கட்டும். பத்தாவது மேசை போனபோது இருபது ஆண்பிள்ளைகள் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெய்ஷென் கிழவருக்கு முன்னால் ரொட்டி மலைபோல் குவிந்தது.

அவர் அப்போதுதான் வாய் திறந்தார். "என்ன ஜூரகான், என்னை மூலையில தள்ளப் பாக்குறியா?"

"அல்லா காப்பாத்தட்டும் அத்தா. ரொட்டி உங்களைத் தேடி வருது, நான் என்ன பண்ணட்டும்?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்து, பிறகு இருமினான்.

பதின்மூன்று மேசைகள் வரிசையாக நின்றன, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. பதின்மூன்று பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள், பெட்டியைத் திறந்தார்கள். சுவரோரம் ஒரே ஒரு மேசையைச் சுற்றி அந்த ஆண்கள் கூட்டம், கோழிக்கூடு மாதிரி. டாக்டர் வெனேரா பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பதினாலாவது பெயர் அசில்குல். இருக்கிறேன் என்று பதில் வந்தது, சமோவார் பக்கத்திலிருந்து. கையில் இன்னும் கெண்டி.

"உன் மேசை எங்கேம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் மேசை அவள் மாமனார் முழங்கைக்கு அடியில் இருந்தது. ஜன்னல் திண்டில் அவள் எழுதட்டுமா என்று நான் கேட்டேன். டாக்டர் முடியாது என்று தலையாட்டிவிட்டார். கீழே போய் ஒரு சாப்பாட்டு மேசையைத் தூக்கி வரட்டுமா என்று கேட்டேன். படியில் திரும்பாது என்று எனக்கே தெரியும். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். ஐந்து நிமிடம் பொறுக்கிறேன், அதற்குமேல் பதின்மூன்று பேருக்குத் தாள் கொடுத்துவிடுவேன் என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்கு வாய்தான் நீளும். நேராகக் கிழவருக்கு முன்னால் போய் நின்றேன். ஊரே சாட்சி, இன்றைக்கு நீங்கள் செய்வது நியாயமில்லை என்றேன். அந்தப் பெண் உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாள் உங்களுக்கு ஆறின டீ கொடுத்திருக்கிறாளா என்று கேட்டேன். அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு கதவு திறக்கிறது, அதற்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டு ரொட்டி தின்கிறீர்களே என்றும் கேட்டுவிட்டேன். பெரியவரிடம் யாரும் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை, பேசினது நான்தான் என்றாலும்.

கிழவர் கோபப்படவில்லை. என்னைத் தாண்டிப் பார்த்தார். அந்த நாளில்தான் முதல்முறையாக மருமகளை நேருக்கு நேர் பார்த்தார்.

"என் பையன் ரஷ்யாவுக்குப் போனான். ஒரு வருஷம்னான், ஆறு வருஷமாச்சு. என் பொண்டாட்டி மண்ணுக்குப் போனா. இப்ப நீ பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போயிடுவ. அப்புறம் அந்த வீட்டுல யாரு அடுப்பு மூட்டுவா? நான் யாருகூட உக்காந்து ரொட்டி பிய்ப்பேன்?" என்றார். "கையைத் தூக்கினா நீ போயிடுவ. அதான் தூக்கலை. வேற ஒண்ணுமில்ல."

இருபது ஆண்பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதில் பாதிப் பேர் வீட்டுப் பிள்ளைகள் ரஷ்யாவில்தான் இருக்கிறார்கள்.

அசில்குல் கெண்டியைக் கீழே வைத்தாள். முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டு நடந்து வந்து அவருக்கு எதிரே நின்றாள்.

"நான் உங்களை விட்டுட்டுப் போறேன்னு யார் சொன்னா அத்தா?"

"யாரும் சொல்லலை."

"நீங்களும் கேக்கலை."

"கேட்டா ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயம்."

"எனக்கும் பயம். இந்த வீட்டை விட்டு எங்கயும் வரமாட்டேன்னு நீங்க சொல்லிடுவீங்களோன்னு. ஒரு வருஷமா தினம் ராத்திரி படுத்துக்கிட்டு, காலையில கேட்டுடணும், காலையில கேட்டுடணும்னு நினைப்பேன். காலையில விறகு பிளக்கப் போயிடுவீங்க. நீங்க இல்லாம நான் அந்த மலையில போய் என்ன பண்ணுவேன்? ஆட்டுக்கு நோவு வந்தா எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே? உங்க மந்தை மேயுற பக்கம்னுதான் அந்த ஊரையே கேட்டேன்."

கிழவரின் தாடி லேசாக ஆடியது. ஒரே வீட்டில், ஒரே அடுப்புக்கு முன்னால், ஒரு வருடமாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இழந்துவிடுவோம் என்று பயந்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மரியாதையாம் மரியாதை! இந்த மரியாதையைத் தூக்கி அடுப்பில் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

டாக்டர் வெனேரா கடிகாரத்தைப் பார்க்காமல் நின்றார். அஞ்சு நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது.

பெய்ஷென் கிழவர் கல்பாக் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். இரண்டு கைகளையும் மெதுவாக மேலே தூக்கி விரித்தார். இருபது ஜோடிக் கைகள் பட்டென்று உயர்ந்தன. உட்கார்ந்திருந்த பதின்மூன்று பெண்களும் கையேந்தினார்கள், டாக்டரும் ஏந்தினார். பேரன் பிறந்த வீட்டுக்கு வாழ்த்து, மந்தைக்கு வாழ்த்து, புல்லுக்கும் தண்ணீருக்கும் வாழ்த்து என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே வந்தவர், நிறுத்தினார். ஒரு சபையில், ஆண்கள் நடுவில், மருமகளின் பெயரைச் சொல்லி துஆ கேட்டதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அசில்குல் கை தொட்ட இடத்துல நோவு தீரட்டும். ராத்திரியில அவ போற பாதையில பனி விலகட்டும். என் பொண்ணு எழுதுறது சரியா இருக்கட்டும். ஓமின்."

ஓமின் என்று அரங்கே சொன்னது. முகத்தைத் தடவிக்கொண்ட கைகள் சிலது கண்ணையும் துடைத்துக்கொண்டன, நான் பார்த்தேன், யாரென்று சொல்ல மாட்டேன். எர்கெஷ் மட்டும் மூக்கைச் சிந்தினான், அவன் பெயரைச் சொன்னால் பரவாயில்லை.

விரிப்பின் நாலு முனையையும் சேர்த்து ரொட்டியோடு கட்டிக் கிழவர் கையில் கொடுத்தேன். அவர் அதை எர்கெஷிடம் தள்ளிவிட்டு, மேசையின் ஓரத்தைப் பிடித்துத் தானே தள்ளப் பார்த்தார். நகரவில்லை. நான் பிரேக்கை மிதித்து எடுத்துவிட்டேன். பதினாலாவது மேசை அவர் கையோடு உருண்டு போய் வரிசையில் நின்றது. அவருக்கு அதன் சுலபம் பிடித்துப்போய்விட்டது போல, நேராக நிற்கிறதா என்று இரண்டு தடவை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். அசில்குல் உட்கார்ந்தாள். டாக்டர் தாள்களைக் கொடுத்துக்கொண்டே வந்தார். நான் ஆண்பிள்ளைகள் எல்லாரையும் வெளியே துரத்திக் கதவைச் சாத்தினேன்.

மற்றவர்கள் போய்விட்டார்கள். கிழவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், மடியில் எர்கெஷ் திருப்பிக் கொடுத்த ரொட்டி மூட்டை. நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசினதற்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். நான் கேட்கிற ஆள் இல்லை, அவருக்கும் அது தெரியும். மலைமேல் ஊரில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும், மருந்தகத்தை ஒட்டிக் கொட்டகை போட இடம் இருக்கிறதா, இங்கே பிளந்து வைத்த விறகை எல்லாம் ஒரே வண்டியில் ஏற்ற முடியுமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு என்ன தெரியும்? எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றேன்.

தேர்வு முடிந்து கதவு திறந்தது. டாக்டர் வெனேரா கோட்டு பொத்தானைப் போட்டுக்கொண்டே அவசரமாக வெளியே வந்தார். எங்களைப் பார்த்து நின்றார். எழுத்துத் தாள் பிஷ்கேக் போய்த்தான் திருத்த வேண்டும், ஆனால் உடைந்த காலுக்குக் கட்டுப் போடுவதில் இன்றைக்கு வந்த பதினாலு பேரில் உங்கள் வீட்டுப் பெண்ணுக்குத்தான் முதல் இடம், தேறிவிட்டாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மேகம் இன்னும் கணவாய் உச்சியிலேயே நின்றது, பாதை திறந்துதான் இருந்தது.

அசில்குல் கடைசியாக வந்தாள். கிழவர் எழுந்து நின்றார். என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை, பக்கத்தில் ஐபீக்கேயும் இல்லை.

"அங்க மருந்தகத்தோட குடுக்கிற வீடு ரொம்பச் சின்னதா இருக்குமோ? எனக்கு ஒரு மூலை இருந்தாப் போதும்."

"மூணு அறை, அத்தா. போன மாசமே யாருக்கும் தெரியாம போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்றாள் அவள். "அடுப்புக்குப் பக்கத்து அறை உங்களுக்கு. சுண்ணாம்பு அடிச்சு வச்சுட்டேன்."